டியூனர் கார்டு பெட்டியில சிப் பேரை போடச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல வந்த கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதியைப் பத்தி இந்தக் கடிதம். அதுல ஒரு வாசகர், அக்கா கல்யாண கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தணும், வீட்ல ஒரு பழைய பிசிஐ டிவி டியூனர் கார்டு (கம்ப்யூட்டருக்குள்ள பிசிஐங்கற ஸ்லாட்ல சொருகி டிவி, விசிஆர் படத்தை ஏத்துற கார்டு) கிடக்கு, உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் போட்டிருக்கேன், கார்டை சொருகிட்டு விசிஆரை ஓட விட்டா திரை கறுப்பாவே இருக்கு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தார். அதுக்கு உங்க நிபுணர் ரெண்டே வரியில பதிலை முடிச்சிட்டார். லினக்ஸ்ல இந்த மாதிரி கார்டுக்கெல்லாம் டிரைவர், அதாவது கார்டை ஓட்டுற புரோகிராம், கிடையாது, விண்டோஸ் போடுங்க, அப்படியும் வரலைன்னா கார்டை தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கோங்கன்னு.

நான் விருதுநகர்ல பழைய கேசட்டை எல்லாம் பென்டிரைவ்ல மாத்திக் குடுக்குற சின்ன கடை வச்சிருக்கேன், கூடவே கம்ப்யூட்டர் சர்வீஸும் பாக்குறேன். கடையில இந்த வேலைக்குன்னே இருக்குற மெஷின்ல லினக்ஸ்தான் ஓடுது, உள்ள இருக்கறதும் அதே மாதிரி பழைய பிசிஐ கார்டுதான். அதனால சொல்றேன், அந்தப் பதில் தலைகீழா இருக்கு. அந்தக் காலத்து கார்டு நிறையாவுக்கு சிடியில வந்த டிரைவர் எக்ஸ்பிக்கு, அதுவும் 32 பிட்டுக்கு எழுதினது. 2007-ல வந்த விஸ்டாவுல இருந்து 64 பிட் விண்டோஸ், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கர்னல் டிரைவரை (கர்னல்னா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்பகுதி) ஏத்தவே விடாது, கார்டு கம்பெனிகள்ல பாதி பேரு அதுக்கப்புறம் புது டிரைவரே விடல. விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. இப்ப அந்த வாசகர் விண்டோஸ் 11 போட்டுட்டு இந்த கார்டை சொருகினார்னா டிவைஸ் மேனேஜர்ல ஒரு மஞ்ச ஆச்சரியக்குறியைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார்.

லினக்ஸ்ல நிலைமை வேற. இந்த கார்டுக்கான டிரைவர் எல்லாம் கர்னலோடவே வருது, தனியா சிடி வேணாம். 1990-கள்ல வந்த புரூக்ட்ரீ பிடி848, பிடி878 சிப்புக்கு பிடிடிவின்னு ஒரு டிரைவர் இருக்கு, அதோட உள்பகுதி பழசாயிருச்சுன்னு 2023-ல உக்காந்து புது முறைக்கு மாத்தி எழுதினாங்க, வித்து லாபம் பாத்த கம்பெனி எப்பவோ கைகழுவின சிப்புக்கு. பிலிப்ஸ் எஸ்ஏஏ7130, 7134 வகை சிப்புக்கு எஸ்ஏஏ7134-ன்னு ஒரே டிரைவர், கோனெக்சன்ட் சிப்புக்கு சிஎக்ஸ்88, யூஎஸ்பி குச்சிகள்ல வர்ற எம்பியா சிப்புக்கு இஎம்28எக்ஸ்எக்ஸ். நம்ம ஊர்ல அந்தக் காலத்துல வித்த விலை கொறைஞ்ச கார்டுல என் கைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த நாலு குடும்பத்துக்குள்ளயே அடங்கிரும்.

அப்ப அந்த வாசகருக்கு ஏன் கறுப்புத் திரைன்னு கேப்பீங்க. டிரைவர் இல்லாததால இல்ல, டிரைவருக்கு கார்டை அடையாளம் தெரியாததால. இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகணும், ஏன்னா நான் இந்தக் கடிதத்துல கேக்கப்போற விஷயமே இதுலதான் இருக்கு.

ஒரே எஸ்ஏஏ7130 சிப்பை வாங்கி ஐம்பது கம்பெனி ஐம்பது விதமா கார்டு பண்ணுவான். சிப்புக்கு வீடியோ உள்ள வர்ற கால்கள் பல இருக்கு. ஒருத்தன் வீடியோ வர்ற மஞ்ச பின்னை ஒரு காலுக்கு குடுப்பான், இன்னொருத்தன் வேற காலுக்கு குடுப்பான், சத்தம் மாத்துற சுவிட்ச், ரிமோட், ரேடியோ எல்லாம் அவனவன் இஷ்டம். எந்த கார்டு எந்த மாதிரி வயரிங்னு டிரைவர் தெரிஞ்சுக்கத்தான் கார்டுல ஒரு சின்ன ஈஈப்ராம், அதான் நம்பரை நினைவுல வச்சிருக்குற குட்டி சிப்பு, வச்சு அதுல சப்சிஸ்டம் ஐடின்னு ஒரு நம்பரை எழுதணும். ஒழுங்கான கம்பெனி எழுதியிருப்பான், லினக்ஸ் அதைப் படிச்சு ஓஹோ இது இன்ன கார்டுன்னு தானா புரிஞ்சுக்கும். ஆனா விலையை கொறைக்கணும்னு அந்த ஈஈப்ராமையே வைக்காம விட்டவனும் உண்டு, வச்சும் எதையும் எழுதாம விட்டவனும் உண்டு. ரேஷன் கடையில கார்டு இல்லாம போய் நிக்கிற ஆளு கதைதான் அப்புறம், ஆளு நிஜம், பொருளும் உள்ள இருக்கு, ஆனா குடுக்க மாட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த எஸ்ஏஏ7134 டிரைவரே இதை வெளிப்படையா திட்டி எழுதி வச்சிருக்கு. அதை ஆரம்பத்துல எழுதினவர் ஜெர்ட் நோர், எக்ஸ்ஏடபிள்யூடிவின்னு அந்தக் காலத்துல லினக்ஸ்ல டிவி பாத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சாஃப்ட்வேரும் அவரோடதுதான். ஐடி இல்லாத கார்டை சொருகினா கர்னல் லாக்ல ஒரு செய்தி வரும். இந்த போர்டுல ஒழுங்கான சப்சிஸ்டம் ஐடி இல்ல, என்னால தானா கண்டுபிடிக்க முடியாது, கார்டு நம்பரை நீங்களே குடுங்க, புகார் இருந்தா டிவி கார்டு வித்தவங்ககிட்ட போய் சொல்லிக்கோங்க, இப்படிக்கு டக்ஸ்னு. டக்ஸ்ங்கறது லினக்ஸோட பெங்குவின். இன்னும் பழைய வெர்ஷன்ல, வாழ்த்துக்கள், உங்க கார்டு கம்பெனி ஒரு ஈஈப்ராம் காசை மிச்சம் பிடிச்சிருக்காங்கன்னு நக்கலாவே போட்டிருந்துச்சு. ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்பகுதியே கைநீட்டி தப்பு யாரு மேலன்னு சொல்லும்போது நாம ஏன் சார் லினக்ஸ் சப்போர்ட் இல்லைன்னு ஒரே வரியில முடிக்கணும்.

சரி அந்த வாசகர் இப்ப என்ன பண்ணணும்னு சொல்லிடறேன், இதே நிலைமையில வேற ஆளுங்களும் இருப்பாங்க. கமாண்டை எல்லாம் வாய்ல சொல்ற மாதிரியே எழுதுறேன், அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க.

டெர்மினலை திறந்து எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, மைனஸ் என்என்னு அடிங்க. வர்ற பட்டியல்ல மல்டிமீடியா கன்ட்ரோலர்னு ஒரு வரி இருக்கும், கடைசியில 1131:7130 மாதிரி ரெண்டு நம்பர். 1131 பிலிப்ஸ், 7130 சிப்பு. இந்த வரியே வரலைன்னா டிரைவரைப் பத்தி நினைக்கவே வேணாம், கம்ப்யூட்டருக்கு கார்டே தெரியல. பவரை எடுத்துட்டு கார்டை கழட்டி, அந்த தங்க நிறப் பல்லை பென்சில் ரப்பரால நல்லா தேய்ச்சு துடைச்சு, வேற ஸ்லாட்ல அழுத்தி சொருகுங்க. பல வருஷம் பரண்ல கிடந்த கார்டுல பாதிக்கு மேல இதுலயே சரியாகும், என் கடையில நான் பாத்த வரைக்கும். பெட்டி மேல என்ன பேரு போட்டிருக்கு, ரிமோட் என்ன கலருன்னு எல்லாம் பாக்கவே பாக்காதீங்க, அது எதுக்கும் உதவாது.

வரி வந்துருச்சுன்னா அடுத்து டிஎம்இஎஸ்ஜி, அதான் கர்னல் லாக், சுடோ (அட்மின் உரிமை தர்ற கமாண்டு) சேர்த்து அடிச்சு அதுல 7134-ன்னு தேடுங்க. யுனோன் ஜெனரிக், கார்டு 0-ன்னு வந்திருந்தா மேல சொன்ன கதைதான். கார்டு 0-ன்னு எடுத்துக்கிட்டா டிரைவர் ஒரே ஒரு உள்ளீட்டை மட்டும்தான் திறக்கும், உங்க மஞ்ச பின் வேற கால்ல இருந்தா கறுப்புத் திரைதான், வேற என்ன வரும். இப்ப கார்டை கையில எடுத்து சிப்பு மேலயும் போர்டு ஓரத்துலயும் அச்சடிச்சிருக்கறதை படிங்க, தகர டப்பா மாதிரி இருக்குற டியூனர் மேல ஸ்டிக்கர் இருந்தா அதையும். கர்னல் டாக்குமென்டேஷன்லயே எஸ்ஏஏ7134 கார்டுப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு, நம்பரும் பேரும் போட்டு. உதாரணத்துக்கு 3 லைஃப்வியூ ஃப்ளைவீடியோ 2000, 10 கேவேர்ல்டு 7130. டியூனருக்கும் தனிப்பட்டியல் உண்டு, நம்ம நாட்டு பால் (PAL) டிவி முறைக்கு பிலிப்ஸ் பால் பிஜி 5, மல்டி டைப் 38. ஆனா கேசட் மட்டும்தான் மாத்தணும்னா டியூனர் நம்பரை பத்தி கவலையே படாதீங்க, விசிஆர்ல இருந்து மஞ்ச பின்ல வர்றது டியூனர் வழியா போறதில்ல.

பேரு கிட்டத்தட்ட ஒத்துப்போற நம்பரை எடுத்துக்கிட்டு, முதல்ல ஓடிக்கிட்டிருக்குற மாட்யூலை, அதான் டிரைவர் ஃபைலை, இறக்குங்க. சுடோ மாட்புரோப் மைனஸ் ஆர், அப்புறம் எஸ்ஏஏ7134 ஹைஃபன் ஆல்சா (சத்தத்துக்கான மாட்யூல்), ஒரு இடைவெளி, எஸ்ஏஏ7134. பிஸின்னு சொல்லி இறங்க மாட்டேன்னா பின்னாடி ஏதோ ஒரு பிளேயர் கார்டை பிடிச்சுக்கிட்டு இருக்கு, அதை மூடுங்க. இறங்கினதும் சுடோ மாட்புரோப் எஸ்ஏஏ7134 கார்டு சமக்குறி 3-ன்னு அடிச்சு திரும்ப ஏத்துங்க. படம் வரலைன்னா இறக்கிட்டு அடுத்த நம்பர். கொஞ்சம் பொறுமை வேணும், ஆனா ரீஸ்டார்ட் பண்ண வேண்டியதே இல்ல, இதுவே விண்டோஸா இருந்தா ஒவ்வொரு தடவையும் அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணி டீ குடிச்சிட்டு வரணும். சரியான நம்பர் கிடைச்சதும் எட்சி ஃபோல்டருக்குள்ள மாட்புரோப் டாட் டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஒரு ஃபைல் போட்டு ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 கார்டு சமக்குறி இன்ன நம்பர்னு எழுதிருங்க. ஃபைல் பேரு டாட் கான்ஃப்னு முடியணும், அது இல்லைன்னா சிஸ்டம் அந்த ஃபைலை திரும்பிக்கூட பாக்காது, இதுல மாட்டிக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி போயிருதுன்னு என்கிட்ட வந்தவங்க நிறைய.

படம் கறுப்பு வெள்ளையா உருண்டுக்கிட்டே ஓடுதுன்னா கார்டு நம்பர் தப்பு இல்ல, முறை தப்பு. நம்ம கேசட் பால், 625 கோடு, விநாடிக்கு 25 ஃப்ரேம். சாஃப்ட்வேர் அமெரிக்க என்டிஎஸ்சியில இருக்கும், அது 525 கோடு. வி4எல்2 சிடிஎல்னு ஒரு கருவி இருக்கு, அதுல மைனஸ் எஸ் பால்னு குடுத்தா சரியாகிடும், அதுலயே லிஸ்ட் இன்புட்ஸ் போட்டா கார்டுல என்னென்ன உள்ளீடு இருக்குன்னு பட்டியலே வரும். இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல வெப்கேமரா இருந்தா வீடியோ0-ங்கற இடத்தை அது பிடிச்சுக்கும், இப்பத்திய கர்னல்ல ஒரே கேமராவே ரெண்டு இடம் பிடிக்கும், அதனால உங்க கார்டு வீடியோ1-லயோ வீடியோ2-லயோ உக்காந்திருக்கும். கார்டு ஓடலைன்னு வந்த ஒருத்தருக்கு திரையில அவர் மூஞ்சியே தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கேமராவை திறந்திருக்கோம்னு அவருக்கு தெரியல.

இணையத்துல 2005 வாக்குல எழுதின கமாண்டை அப்படியே எடுத்துப் போட்டாலும் வராது. சாஃப்ட்வேர் வீடியோ கார்டோட பேசுற பழைய வீடியோ ஃபார் லினக்ஸ் (வி4எல்) முறைக்குப் பதிலா ரெண்டாம் பதிப்பு 2002-ல கர்னலுக்குள்ள வந்துருச்சு, பழசை 2011-ல 2.6.38 கர்னலோட மொத்தமா எடுத்துட்டாங்க. எம்பிளேயர்ங்கற வீடியோ பிளேயர்ல டிரைவர் வி4எல்னு எழுதியிருந்தா அதை வி4எல்2-ன்னு மாத்தினாலே போதும் பல நேரம்.

சத்தம் தனி கதை, இதுலதான் முக்கால்வாசி பேரு டிரைவர் சரியில்லன்னு முடிவு பண்ணிடறாங்க. எஸ்ஏஏ7134 சிப்பு சத்தத்தையும் பிசிஐ வழியா கம்ப்யூட்டருக்கு தரும், அதுக்குத்தான் ஆல்சா மாட்யூல். ஆனா விலை கொறைஞ்ச 7130 சிப்புக்கு அந்த வசதியே கிடையாது. அதுல கார்டு பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல இருந்து ஒரு 3.5 எம்எம் வயரை சவுண்ட் கார்டு லைன் இன்னுக்கு, அதான் நீல ஓட்டை, குடுக்கணும். பெட்டிக்குள்ள அந்த வயரும் வந்திருக்கும், அது எதுக்குன்னே தெரியாம தூக்கிப் போட்டிருப்பாங்க. கேசட் வேலைக்கு இன்னும் சுலபம், விசிஆரோட சிவப்பு வெள்ளை பின்னை கார்டு பக்கமே கொண்டு போகாம நேரா லைன் இன்ல குடுத்துருங்க. அப்புறம் ஆல்சாமிக்சர்ங்கற சவுண்ட் கருவியை திறந்து லைன் மேல எம்எம்னு இருந்தா அது மியூட், எம் பட்டனை அமுக்கி எடுங்க. எஃப்4 அடிச்சு கேப்சர் பக்கம் போய் லைனை தேர்வு பண்ணவும் மறக்காதீங்க, காதுக்கு சத்தம் கேக்கும் ஆனா ரெக்கார்டுல ஊமையா இருக்கும் இல்லைன்னா. கல்யாண வீடியோவுல நாதஸ்வரம் இல்லாம குடுத்தா யாரு காசு குடுப்பா.

பிசிஐ ஸ்லாட்டே இல்லாத புது போர்டுக்காரங்க யூஎஸ்பி கேப்சர், அதான் அதே வேலையை செய்யற யூஎஸ்பி குச்சி, வாங்குறாங்க. நான் சொல்ல வந்த அநியாயத்தோட முழு உருவம் அங்கதான் தெரியுது. ஈஸிகேப்னு ஒரு சாமான், உலகம் பூரா வித்தது, அதே பெட்டி, அதே பிளாஸ்டிக், அதே நாலு வயர். உள்ள பிரிச்சா ஒண்ணுல சின்டெக் எஸ்டிகே1160, இன்னொண்ணுல எம்பியா, வேற ஒண்ணுல யூடிவி007, இன்னும் ஒண்ணுல சோமேஜிக். நாலுக்கும் நாலு டிரைவர். எஸ்டிகே1160-க்கு இப்ப இருக்கற டிரைவர் 2012-ல கர்னலுக்குள்ள வந்துச்சு, யூடிவி007-க்கு 2013-ல யூஎஸ்பிடிவின்னு வந்துச்சு, சோமேஜிக்குக்கு கர்னல்ல இடமே கிடைக்கல, தனியா வெளிய இருந்து கொண்டு வந்து மல்லுக்கட்டணும். இப்ப நீங்க சொல்லுங்க, ஒரே கடையில ஒரே விலைக்கு ரெண்டு பேரு வாங்கிட்டுப் போறாங்க, ஒருத்தருக்கு சொருகினதும் ஓடுது, இன்னொருத்தருக்கு ஓடவே இல்ல, அவங்க ரெண்டு பேரும் லினக்ஸைப் பத்தி என்ன நினைப்பாங்க. ஒரே பெரிய கம்பெனிக்குள்ளயே கூட இது நடக்குது. ஹப்பாஜ் எச்விஆர் 900-ல எம்பியா சிப்பு, பின்னாடி ஒரு எச் மட்டும் சேர்ந்த 900எச்-ல டிஎம்6010, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த டிஎம்6000 குடும்பத்து டிரைவரை இப்ப கர்னல்ல இருந்தே எடுத்துட்டாங்க, பராமரிக்க ஆள் இல்லாததால. அதையும் மறைக்காம சொல்லணும், எல்லாக் கார்டும் லினக்ஸ்ல ஓடும்னு நான் சொல்ல வரல. எது ஓடும் எது ஓடாதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெரிய வழி இருக்கணும்னுதான் சொல்றேன்.

யூஎஸ்பி குச்சியில இன்னொரு தொந்தரவு ஃபர்ம்வேர். டிரைவர் ஏறிடும், குச்சியில விளக்கு எரியும், சேனல் மட்டும் வராது. லாக்ல பாத்தா எக்ஸ்சி3028 ஃபர்ம்வேர் ஃபைல் கிடைக்கலைன்னு இருக்கும். அது டியூனர் சிப்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் ஏத்த வேண்டிய சின்ன புரோகிராம், அதோட உரிமை சிப்பு கம்பெனிகிட்ட இருக்கறதால விண்டோஸ் டிரைவர் ஃபைல்ல இருந்து பிரிச்செடுக்க ஒரு ஸ்கிரிப்டே எழுதி வச்சிருக்காங்க. ஃபைலை லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல போட்டு குச்சியை பிடுங்கி சொருகினா முடிஞ்சது.

மாட்யூலே கிடைக்கலைன்னு மாட்புரோப் சொன்னா உடனே சோர்ஸ் கோடை இறக்கி கம்பைல் பண்ண உக்காராதீங்க, தயவு செஞ்சு. பல நேரம் கர்னல் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் பண்ணாம இருப்பீங்க, ஓடுறது ஒரு வெர்ஷன் தேடுறது ஒரு வெர்ஷன். உபுண்டுல இந்த டிவி டிரைவர் எல்லாம் லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ராங்கற பேக்கேஜ்ல இருக்கு, அது இல்லாம இருந்தாலும் இதே தகவல்தான் வரும். அதையும் மீறி வெளிய இருந்து கம்பைல் பண்ணினா கையெழுத்து இல்லாத மாட்யூலை விடாத செக்யூர் பூட், கீ இல்லைன்னு தடுக்கும், அதைத் தாண்டினாலும் அடுத்த கர்னல் அப்டேட்ல இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்னு படுத்துக்கும். கர்னலோட வர்ற டிரைவருக்கு இந்த ரெண்டு தலைவலியும் கிடையாது.

இன்னொரு கூட்டம் இருக்கு, கார்டு சரி, டிரைவர் சரி, ஆனா ஒரு சேனலும் வரலைன்னு. அவங்களுக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டமும் உதவாது. கேபிள் எல்லாம் டிஜிட்டலாகி செட்டாப் பாக்ஸ் வழியா பூட்டித்தான் வருது, அந்த வயரை நேரா கார்டுல குடுத்தா புள்ளி புள்ளியாத்தான் தெரியும். ஆன்டெனா போட்டு தூர்தர்ஷன் பாக்கலாம்னா அனலாக் டிரான்ஸ்மிட்டரை பெரும்பாலும் மூடிட்டாங்க, சென்னை மாதிரி ஊர்கள்ல 2016-ல ஆரம்பிச்ச டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி டி2 முறை, சந்தையில மலிவா கிடைக்கிற ரியல்டெக் 2832 குச்சி சாதா டிவிபி டி மட்டும்தான் எடுக்கும். பெட்டியில டிஜிட்டல் டிவி ஸ்டிக்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், எந்த டிஜிட்டல்னு போட மாட்டான். செட்டாப் பாக்ஸோட மஞ்ச பின்னை கார்டுக்கு குடுத்தா படம் வரும், அவ்வளவுதான் இப்ப வழி. பழைய அனலாக் கார்டுக்கு இனி டிவி பாக்குற வேலை இல்ல, கேசட் மாத்துற வேலைதான், அந்த வேலைக்கு அது இன்னும் நல்லாவே தாங்கும்.

இப்ப நான் கேக்கறது இதுதான். நம்ம நாட்ல பெட்டியில அடைச்சு விக்கிற பொருள் மேல என்னென்ன அச்சடிக்கணும்னு 2011 எடையளவு விதிகள் இருக்கு. தயாரிச்சவர் இல்ல இறக்குமதி பண்ணவர் பேரு முகவரி, மாசம் வருஷம், எம்ஆர்பி, புகாருக்கு யாரை கூப்பிடணும்னு எல்லாம் போட்டே ஆகணும். பிஸ்கட் பாக்கெட்ல கூட உள்ள என்ன சேர்த்திருக்குன்னு எழுதுறான். ஒரு கேப்சர் கார்டு பெட்டியில உள்ள இருக்குற சிப்போட பேரையும் டியூனர் பேரையும் ஒரே ஒரு வரி, சின்ன எழுத்துலயாவது போடுறதுக்கு என்ன கேடு. போடமாட்டாங்க, ஏன்னா இந்த மாசம் ஒரு சிப்பு மலிவா கிடைக்கும், அடுத்த மாசம் வேற சிப்பு, பெட்டியை மாத்தாம உள்ள இருக்கறதை மட்டும் மாத்திக்கிட்டே போகலாம். வயர்லெஸ் கார்டு, ப்ளூடூத் குச்சி எல்லாத்துலயும் இதே ஆட்டம்தான், டியூனர் கார்டுல மட்டும் இல்ல. வாங்குறவன் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் முட்டி மோதிட்டு கடைசியில லினக்ஸ் நமக்கு சரிப்படாதுன்னு எழுந்திருப்பான். 2011-ல ஆரம்பிச்ச அரசு லேப்டாப் திட்டத்துல பாஸ்ங்கற லினக்ஸை வாங்கி கையில வச்சிருந்த பிள்ளைங்க எத்தனை பேரு இப்படி எழுந்திரிச்சிருப்பாங்க. இதை நுகர்வோர் பிரச்சனையா எடுத்து உங்க பேப்பர் ஒரு தடவையாவது எழுதணும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல உங்க நிருபர் ஒரு நாள் நடந்து, ஒரே பேர்ல விக்கிற நாலு கேப்சர் குச்சியை நாலு கடையில வாங்கிப் பிரிச்சுப் பாத்தாலே போதும், செய்தி கிடைச்சிரும்.

அது வரைக்கும் வாங்குறவங்களுக்கு சொல்றேன், கடைக்காரர்கிட்ட லினக்ஸ்ல ஓடுமான்னு கேக்காதீங்க, அவர் ஓடும் சார்னுதான் சொல்லுவார். எந்த சிப்புன்னு கேளுங்க. தெரியலைன்னா லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் அங்கயே சொருகி எல்எஸ்யூஎஸ்பி அடிச்சு வர்ற நம்பரை லினக்ஸ்டிவி விக்கிங்கற தளத்துல தேடிப் பாத்துட்டு காசு குடுங்க. மூஞ்சியை சுளிப்பார், சுளிக்கட்டும்.

உங்க கேள்வி பதில் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள். ஹார்டுவேர் வேலை செய்யலைன்னு எழுதுறவங்க எல்எஸ்பிசிஐ இல்ல எல்எஸ்யூஎஸ்பி குடுக்குற அந்த ஒரு வரியையும், கர்னல் லாக்ல அந்த கார்டைப் பத்தி வர்ற அஞ்சாறு வரியையும் சேர்த்து அனுப்பணும்னு பக்கத்தோட தலைப்புல ஒரு அறிவிப்பு போடுங்க. கார்டு பேரு மட்டும் வச்சு யாராலயும் பதில் சொல்ல முடியாது, உங்க நிபுணராலயும் முடியாது, அதனாலதான் அவர் ரெண்டு வரியில முடிச்சார்னு நினைக்கிறேன். அந்த வாசகர் அப்படி அந்த வரிகளை உங்களுக்கு அனுப்பினார்னா எனக்கு தள்ளி விடுங்க, எந்த கார்டு நம்பரை முதல்ல போட்டுப் பாக்கணும்னு எழுதி அனுப்புறேன். அதுக்குள்ள கேசட்டை வெயில்ல வைக்க வேணாம், பூஞ்சை பிடிச்சிருந்தா விசிஆர்ல போடவும் வேணாம்னு சொல்லுங்க, ஹெட்ல ஒட்டிக்கிச்சுன்னா அந்த கேசட்டும் போயிரும், அடுத்து போடுற கேசட்டும் போயிரும்.

இப்படிக்கு,
கேசட் மாத்திக் குடுக்கும் ஒரு கடைக்காரன்,
விருதுநகர்.